கேஸ் கீசரில் கசிவும் ஓசையும்: கவனிக்க வேண்டியவை

கேஸ் கீசரில் நீர் சொட்டுவதும் எரிவாயு கசிவதும் ஒன்றல்ல. குழாய் இணைப்பில் நீர் சொட்டினால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றினால் போதும். கருவியின் உள்ளிருந்து சொட்டினால் பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அந்நீர் பர்னரில் விழுந்து துருவேற்றி, தீச்சுடரைக் கெடுக்கும்.

நீர் சூடாகையில் எழும் இரைச்சல், உப்பு நீரால் உட்குழாயில் படியும் சுண்ணாம்பினால் ஏற்படுவது. பற்றும்போது 'டப்' என்று கேட்கும் வெடிப்போசையோ அலட்சியப்படுத்தத் தக்கதன்று. தீப்பொறி தாமதமாவதால், தேங்கிய எரிவாயு ஒருசேரப் பற்றுகிறது என்பதே அதன் பொருள். பேட்டரி வலுவிழத்தலும் பர்னர் அடைப்பும் வழக்கமான காரணங்கள்.

எரிவாயு நெடி வீசினால் ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்களைத் திறந்து, மின் சுவிட்சுகளைத் தொடாமல் வெளியேறி, 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். கசிவைத் தீக்குச்சியால் சோதிப்பது உயிருக்கே கேடு. அதற்குச் சோப்பு நீர் உண்டு.

நெடியே இல்லாத ஆபத்து கார்பன் மோனாக்சைடு. எரிவாயு முழுமையாக எரியாதபோது உண்டாகும் இந்நச்சுவாயு, இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதைத் தடுக்கிறது. நீலச்சுடர் மஞ்சளாவது இதற்கொரு முன்னறிகுறி. கருவி குளியலறைக்கு வெளியிலேயே பொருத்தப்பட வேண்டும். குளிக்கையில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் தோன்றினால், வெந்நீரின் களைப்பென்று எண்ணாமல் உடனே வெளியேறுக. மயங்கியவரைத் திறந்தவெளிக்குக் கொணர்ந்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து, வீட்டில் கேஸ் கீசர் இயங்கியதை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும்.