கைக்குழந்தைக்குக் கணக்கு இல்லை

விமான டிக்கெட் மென்பொருளுக்குள் பயணிகள் மூன்று வகை. ஏ.டி.டி. என்றால் பெரியவர். சி.எச்.டி. என்றால் இரண்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை உள்ள பிள்ளை. ஐ.என்.எஃப். என்றால் இரண்டு வயது முடியாத கைக்குழந்தை. முதல் இரண்டு வகைக்கும் இருக்கை எண் உண்டு, மூன்றாவதுக்குக் கிடையாது. அந்தக் குழந்தை ஒரு பெரியவரின் பதிவில் ஒட்டிக்கொண்டு போகும். "மொத்தம் எத்தனை இருக்கை?" என்று கேட்டால் எண்ணிக்கையில் வராது. ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளோடு தனியாகப் போகும் தாய், ஒன்றை மடியில் வைத்து இன்னொன்றுக்கு இருக்கை வாங்கித்தான் ஆக வேண்டும்.

பயண முன்பதிவு மென்பொருளில் சில வருஷம் வேலை பார்த்தவன் நான். இந்த வயசுக் கணக்கு அங்கே ஒரு பெரிய தலைவலி. போகும்போது 23 மாதம், திரும்பி வரும்போது 25 மாதம் என்றால், போக மடி, வர இருக்கை. ஒரே டிக்கெட்டில் ஒரே குழந்தை இரண்டு வகை. அப்போது எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. இந்த இரண்டு வயசு எங்கிருந்து வந்தது? அதுக்குக் கீழே இருப்பவரை ஏன் எண்ணுவதில்லை?

விமானத்தில் தேடிக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது. கப்பலுக்குப் போக வேண்டும்.

பிரிட்டனின் 1855ஆம் ஆண்டுப் பயணிகள் சட்டத்தில் 'சட்டப்படியான ஆள்' என்று ஒரு அளவு இருக்கிறது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் என்றால் ஒரு ஆள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள். ஒரு வயதுக்குக் கீழே? பூஜ்யம். கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம், ஒருவருக்கு எவ்வளவு தளம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சோறு என்பதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். ஆக, பூஜ்யமான குழந்தைக்குப் படுக்க இடமும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. தாயின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் இதே கணக்கு, வயது வரம்பு மட்டும் வேறு. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை அரை ஆள், கைக்குழந்தை கணக்கிலேயே கிடையாது. பழைய குடியேற்ற அறிக்கைகளில் 'இத்தனை உயிர்கள்' என்று ஒரு எண்ணும், 'இத்தனை ஆட்கள்' என்று அதைவிடச் சிறிய இன்னொரு எண்ணும் இருக்கும். இரண்டாவது எண் அரையில் முடிந்திருந்தால் பயப்பட வேண்டாம். யாரோ ஒரு சிறுமி தனியாக மிஞ்சியிருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் குழந்தைகள் எல்லாரும் ஒளிந்திருக்கிறார்கள்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ ஐந்து வாரம். 340க்கும் மேற்பட்டோர் அதில் போனார்கள். அங்கிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர், அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. இந்தக் கப்பல்களின் பயணிப் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. பெயர், வயது, தகப்பன் பெயர், சாதி, கிராமம், ஜில்லா என்று கட்டம் கட்டமாக இருக்கும். என் மாதிரி ஆளுக்கு அது ஒரு தரவுத்தளம். அந்தப் பட்டியலில் குழந்தைக்கும் ஒரு வரி உண்டு. காகிதத்தில் இடம் இருக்கிறது, தளத்தில்தான் இல்லை.

கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போவது இன்னும் கொடுமை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று மாசம். 1856-57 பருவத்தில் அந்தக் கப்பல்களில் போனவர்களில் சுமார் 17 சதவீதம் பேர் கடலிலேயே இறந்தார்கள். அரசு விசாரணை வைத்தது. பிறகு விதிகள் இறுகின, சாவு குறைந்தது. ஆனால் பெரியவர்களின் சாவு குறைந்த அளவுக்குக் குழந்தைகளின் சாவு குறையவில்லை. தட்டம்மை, வயிற்றுப்போக்கு, கக்குவான். கடல் மயக்கத்தில் தாய் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தால் பால் வற்றிவிடும். மாற்றுப் பாலுக்கு வழியில்லை. டப்பாப் பால் கப்பல் சாமான்களில் சேர்ந்தது பின்னாட்களில்தான்.

கப்பல் மருத்துவருக்கு, உயிரோடு கரை இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி உண்டு. நல்ல ஏற்பாடு மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் கவனிப்போம் என்பது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம்.

சரி, நம்ம பக்கம் வருவோம். சோழவந்தான், வாடிப்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு 'கடல் தாண்டுவது' என்றால் நேட்டால் இல்லை, கண்டிச்சீமைதான். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணியின் பின்னால் குடும்பமாகப் போனார்கள். ஒப்பந்தக் கப்பலுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் அதுதான். குடும்பம் என்றால் கைக்குழந்தையும் உண்டு.

காப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்ப் பக்கம் தோணியில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே ஆட்களை எடுத்துக்கொண்டன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அந்தப் பாதையில் கூட்டம் எக்கச்சக்கம். இடுப்பில் குழந்தையோடு அந்த நடையை நடந்த பெண்களைப் பற்றித் தனிக் கணக்கு எதுவும் எழுதிவைக்கப்படவில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் நிலைமை தலைகீழ். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து சின்னக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். நீண்டு கிடந்த பயணம் ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கியது. ஆனால் தோட்டத்துக்குப் போகிறவர்களை முதலில் மண்டபம் முகாமில் இறக்கினார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அம்மை குத்துவது, கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுப்பது, நோய் இருக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்ப்பது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மொத்தக் குடும்பமும் நிற்க வேண்டியதுதான். யாருடைய கணக்கிலும் வராத குழந்தை, எல்லாருடைய பயணத்தையும் நிறுத்திவைக்கும். இன்றைய விமான நிலையத்திலும் இதைப் பார்க்கலாம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே பெயர். அரை நாள் என்றால் 'அரைப்பேர்'. பேர் போடாத குழந்தை பிள்ளைக்காம்பராவில் தூளியில் கிடக்கும். மலையகத்தில் குழந்தைகள் காப்பகத்துக்கு இன்றும் அதுதான் பெயர்.

இந்த எண்ணும் புத்தி உச்சத்துக்குப் போனது 1964இல். அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. பிறகு 1974இல் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்ற 15 வருஷம் ஆகும், அதுக்குள் பிறக்கும் குழந்தைகள்? அதற்கு ஒரு சொற்றொடர் போட்டார்கள்: அந்த எண்ணிக்கையின் 'இயற்கைப் பெருக்கமும்' சேர்த்து. அவ்வளவுதான். 5,25,000 என்ற எண்ணுக்குள் குழந்தை இல்லை, அதன் வாலில் இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஐ.என்.எஃப். ஞாபகம்தான் வந்தது.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டது. திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் வந்தார்கள். மறுபடி அதே மண்டபம் முகாம். பாட்டி போன பாதையில் பேத்தி எதிர்த்திசையில், மடியில் ஒரு பெருக்கத்தோடு.

இனி விமானம். சர்வதேசப் பயணத்தில் மடிக்குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் வாங்குவது நெடுநாள் வழக்கம். கப்பலின் பூஜ்யம் இங்கே பத்தில் ஒன்றாகியிருக்கிறது. சட்டம் வேற, காலம் வேற, புத்தி ஒன்னுதான். கப்பலில் தண்ணீர் என்றால் இங்கே ஆக்ஸிஜன் முகமூடி. ஒவ்வொரு இருக்கைத் தொகுப்புக்கும் ஒரு முகமூடி கூடுதலாக இருக்கும், அதனால்தான் ஒரு தொகுப்பில் இரண்டு மடிக்குழந்தைகளை உட்கார விடமாட்டார்கள். பணிப்பெண் உங்களை இடம் மாற்றச் சொன்னால் கோபப்பட வேண்டாம், காரணம் மேலே கூரையில் இருக்கிறது.

இடைவாரில் இருந்துதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. பல நாடுகளில் தாயின் இடைவாரோடு கோர்க்கும் ஒரு சின்ன வார் தருவார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை, மோதலில் தாயின் எடை குழந்தையை நசுக்கும் என்பதால். அப்போ என்ன செய்வது? கையில் பிடித்துக்கொள்வது.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232 விமானம் கட்டுப்பாட்டை இழந்து சூ நகரில் விழுந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். அதில் நாலு மடிக்குழந்தைகள் இருந்தன. மோதலுக்கு முன், குழந்தைகளைக் காலடியில் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் சொன்னார். அன்றைய விதிப்புத்தகம் அதுதான். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. விமானம் நின்றதும் அதன் தாய் குழந்தையைத் தேடி உள்ளே திரும்பப் போக முயன்றபோது, வாசலில் நின்ற பிரவுன்தான் அவரைத் தடுத்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் இருக்கை வேண்டும் என்று அவர் பல பத்தாண்டுகள் போராடினார்.

கணக்கு எளிது. 10 கிலோ குழந்தை, ஐந்து மடங்கு விசை என்றால் 50 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை. கையில் பிடிக்க முடியுமா? விபத்தே வேண்டாம், 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன எஸ்.க்யூ. 321 குலுங்கியபோது 0.6 விநாடிக்குள் ஆட்கள் கூரையை நோக்கி எறியப்பட்டார்கள்.

அப்படியென்றால் கட்டாயமாக்க வேண்டியதுதானே? அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் 2005இல் மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அவர்கள் சொன்ன காரணம், இருக்கைக்கு முழுக் கட்டணம் என்றால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும், சாலையில் சாவு அதிகம், மொத்தத்தில் அதிகக் குழந்தைகள் இறப்பார்கள் என்பது. இதைப் படித்ததும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. பூஜ்யக் கணக்குக்கு இன்னொரு முகமும் இருக்கிறது: குழந்தைக்கும் காசு என்றிருந்தால் கண்டிச்சீமைக்குக் குடும்பமாகப் போயிருக்க மாட்டார்கள், குழந்தையைக் கிழவியிடம் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் டல்லாஸுக்கோ லண்டனுக்கோ யாரும் காரில் போகப்போவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்துக்குப் பொருந்துகிற வாதத்தைப் பதினாறு மணி நேரக் கடல் தாண்டும் பயணத்துக்கும் போட்டுக்கொள்வது சரியில்லை என்பது என் கட்சி.

இதில் நம் ரயில்வேயைப் பாராட்ட வேண்டும். 2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ்ப்படுக்கையோடு மடக்கி விரிக்கும் ஒரு குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்தினார்கள். இரண்டே படுக்கைகளில்தான். ஆனால் குழந்தைக்கும் உடம்பு இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

கடவுச்சீட்டிலும் கதை மாறிவிட்டது. முன்பெல்லாம் குழந்தையின் பெயரைத் தாய் தகப்பனின் கடவுச்சீட்டிலேயே எழுதிச் சேர்ப்பார்கள். இப்போது ஒரு மாதக் குழந்தைக்கும் கண் திறந்த புகைப்படத்தோடு தனிக் கடவுச்சீட்டு. எல்லையில் முழு ஆள், இருக்கையில் பூஜ்யம்.

போன மாசம் எங்க தெருப் பொண்ணு ஒருத்தி ஊருக்கு வந்துட்டுத் திரும்பும்போது கேட்டாள், "அண்ணே, பையனுக்குப் பதினெட்டு மாசம். சீட் போடணுமா, மடியிலேயே வெச்சுக்கலாமா?" தொட்டில் கேட்டிருக்கிறாளாம். தொட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கிடையாது, குலுங்கினால் குழந்தையைத் தூக்கிவிடச் சொல்வார்கள், எடை வரம்பும் பத்துப் பன்னிரண்டு கிலோதான். பையன் பதினொன்றரை. காசு முடிந்தால் சீட் போடு, விமானத்துக்கு ஏற்றது என்று முத்திரை உள்ள கார் இருக்கையைக் கொண்டுபோ என்றேன். காது வலிக்குமா என்றாள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ கொடைக்கானல் உயரத்துக்குச் சமம். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக மூணு மணி நேரத்தில் ஏறி இறங்குவதை அரை மணியில் இறங்குகிறோம், அவ்வளவுதான். இறங்க ஆரம்பிக்கும்போது பால் கொடு, விழுங்கினால் காது திறக்கும், தரை தொடும் வரை தூங்க விடாதே என்றேன்.

சீட் விலை 70,000 ரூபாய் என்று வந்தது. வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மாமியார் "இத்தனூண்டு பிள்ளைக்குத் தனி டிக்கெட்டா?" என்று கேட்டாராம். மூன்றாவது நாள் போட்டுவிட்டாள், 34 கே, ஜன்னல் ஓரம்.