சேம அச்சு

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆதிச்சநல்லூருக்குச் சற்று அப்பால், திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையோரத்தில் விலைக்கு நின்ற பழைய வேன் ஒன்றைப் பார்க்கச் சென்றோம். வாங்க விரும்பியவர் எங்கள் துறையில் அண்மையில் சேர்ந்த இளம் விரிவுரையாளர். அவருக்கு 4 வயதில் ஒரு மகளும் கைக்குழந்தையாக ஒரு மகனும் உண்டு. விடுமுறைகளில் குழந்தைகளோடு ஊர் ஊராகச் செல்ல வேண்டும், விடுதி வாடகைக்குப் பணம் கொடுக்காமல் வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே உறங்க வேண்டும் என்பது கணவன் மனைவி இருவரின் ஆசை. அந்த வேனுக்குள் இரண்டு பலகைக் கட்டில்களும் சிறியதோர் அடுப்பு மேடையும் பொருத்தப்பட்டிருந்தன. பூப்போட்ட திரைச்சீலைகள்கூட இருந்தன. உள்ளே ஏறிய குழந்தை இறங்க மறுத்துவிட்டது.

உடன் வந்த மெக்கானிக் மட்டும் உள்ளே ஏறவில்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அங்கிருந்தே குரல் வந்தது: “உள்ள என்னத்தப் பாக்கிய ஸார்? அடியில வந்து பாருங்க.” குனிந்து பார்த்தோம். துருப்பிடித்து இற்றுப்போன சேஸிஸில் ஒட்டு வைத்து, மேலே புதிய கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள்.

அக்கணத்தில் எனக்கு ஔவையார் நினைவுக்கு வந்தார். வகுப்பறைப் பழக்கம்தான், வேறொன்றுமில்லை. ஆயினும் வீடு திரும்பிய பிறகும் அந்நினைவு அகலவில்லை. சக்கரங்களின் மேல் குடும்பம் நடத்துவதைப் பற்றி நம் பழம்பாடல்கள் இவ்வளவு சொல்லியிருக்கின்றனவே என்ற வியப்பில் எழுதியது இக்கட்டுரை.

*

முதலில் சொல்லைப் பார்க்கலாம். இன்று தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டி. அச்சொல்லின் வேர் பாரசீகத்தில் இருக்கிறது. பாலையைக் கூட்டமாகக் கடக்கும் வணிகர் குழுவையே அது முதலில் குறித்தது. நாம் அன்றாடம் சொல்லும் ‘வேன்’ என்பதும் அதே சொல்லின் குறுகிய வடிவம்தான். நம்மிடம் இவ்வணிகக் குழுவிற்குச் ‘சாத்து’ என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலேயே அது இருக்கிறது. வரிசையாகச் செல்லும் வண்டித்தொடருக்கு ‘ஒழுகை’ என்று பெயர். ஒழுகை என்றவுடன் சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு உமணர்கள் நினைவுக்கு வருவார்கள். நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்று, நெல்லுக்கு மாற்றித் திரும்பிய வணிகர்கள் அவர்கள். உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

உமணர் வண்டியை வெறும் சுமைவண்டி என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவ்வண்டியைச் சுற்றி வந்து பார்த்து எழுதியிருக்கிறார். முழவு போன்ற உருளி, கணையமரங்களை இணைத்தாற்போன்ற பருத்த பார், மழைமேகத்தைச் சுமந்த குன்றுபோல் தோன்றும் ஆரைக் கூரை என்று வண்டியின் கட்டுமானத்தை முதலில் சொல்லிவிடுகிறார். பின்னர் குடித்தனத்திற்கு வருகிறார். தினைப்புனத்தில் யானை காப்போரின் குடிலைப் போன்ற அமைப்பில் கோழி தங்கும் கூடு இருக்கிறது. பெண்யானையின் முழந்தாள் போன்ற சிற்றுரல் தொங்குகிறது. ஆடுமகளிரின் முழவைப் போல், கயிற்றால் பிணித்த காடிக் கலம் வண்டியின் மூக்கில் இருக்கிறது. கைக்குழந்தையுடைய தாய் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழைக் கண்ணி சூடிய ஆடவர்கள் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள்.

உரல், ஊறுகாய், கோழி, குழந்தை என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன. ஓட்டுபவள் பிள்ளை பெற்ற பெண் என்பதும் கவனிக்கத்தக்கது.

சிறுபாணாற்றுப்படை காட்டும் காட்சி நமக்கு இன்னும் அருகில் நடக்கிறது. ஆதிச்சநல்லூரிலிருந்து தாமிரபரணியின் போக்கில் கிழக்கே சென்றால் வரும் கொற்கையே அதன் களம். உமணர்களின் ஒழுகையோடு வந்த மந்தி ஒன்று, அவர்களின் பிள்ளையைப் போலவே வளர்ந்தது. கிளிஞ்சிலுக்குள் முத்தை இட்டு மூடி, உமட்டியர் பெற்ற சிறுவர்களோடு சேர்ந்து அதைக் கிலுகிலுப்பையாக ஆட்டி அது விளையாடுகிறது. நல்லூர் நத்தத்தனார் இக்காட்சியைப் பாண்டியனின் கொற்கை வளத்தைச் சொல்லவே கொண்டுவருகிறார். எனக்கு அதில் முதலில் தெரிவது வண்டிக் குழந்தைகள். முத்துத்துறைக்கு உப்பு வண்டியில் வந்திறங்கி, வண்டி மீண்டும் கிளம்பும்வரை விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகள் அவர்கள்.

*

இதுவரை சொன்னதை மட்டும் படித்தால் அது இன்பப் பயணம்போல் தோன்றும். பாடல்கள் அங்கே நின்றுவிடவில்லை. அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார், நெல்லுக்கு உப்பு என்று கூவி வரும் உமணர் மகளையும், அவளது வேற்றுக் குரலைக் கேட்டுக் குரைக்கும் வீட்டு நாயையும் காட்டுகிறார். அவளைக் கண்டு வருந்தும் தலைவன் தன் துயரத்திற்கு உவமை தேடும்போது, கருஞ்சேற்றில் அழுந்திய வண்டியை மூச்சுத் திணற இழுக்கும் அவள் தந்தையின் எருதைச் சொல்கிறான். வண்டி சேற்றில் சிக்கினால் அக்குடும்பத்தின் சரக்கும் சமையலும் பிள்ளைகளும் ஒருசேரச் சிக்கிக்கொள்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இவ்வுவமையைப் படிக்க வேண்டும்.

புறநானூற்றின் 307ஆம் பாடலில் வருவது இதனினும் கொடியது. கால் முடமாகிப் போன எருதை, நீரும் புல்லும் கொடாமல், ஆளற்ற இடத்தில் உமணர்கள் விட்டுச் செல்கிறார்கள். அவர்களை இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒழுகை நின்றால் உணவு நின்றுபோகும். நகர்ந்துகொண்டே இருக்கும் வீட்டில், நகர முடியாத ஒன்றுக்கு இடமில்லை. அதனை அறிந்துதான் புலவர் அதை எழுதியிருக்கிறார் என்று எண்ணுகிறேன்.

மெக்கானிக்கின் குரலைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது 102ஆம் புறப்பாட்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் அவனைச் சேம அச்சு என்கிறார். எருதுகள் இளையவை, நுகத்தின் பாரத்தை இன்னும் உணராதவை. வண்டியிலோ பண்டம் மிகுதியாக ஏற்றப்பட்டிருக்கிறது. வழி பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, அங்கே என்ன நேருமென்று யாருக்குத் தெரியும்? ஆகவே உமணர்கள் கீழ்மரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். முதல் வண்டி வாங்கும் இளம் குடும்பத்தின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர்களை நான் படித்ததில்லை.

சேம அச்சின் வழித்தோன்றலை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். 1904இல் வேல்ஸில் லனெல்லி என்னும் ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் விற்கத் தொடங்கினார்கள். அத்தெருவின் பெயர் நம்மூர் லாரிப் பட்டறைகளில் இன்றும் புழங்குகிறது. பொருளுக்குப் பெயர் அங்கிருந்து வந்திருந்தாலும், அதன் பின்னுள்ள அச்சமும் முன்யோசனையும் நம் பாடல்களிலேயே உள்ளவை. மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் பழைய கேரவன் வாங்குவோர்க்கு இன்றும் சொல்லப்படும் அறிவுரைகள் பெரிதும் இவையே. ஏற்றக்கூடிய எடை எவ்வளவு என்று கேளுங்கள். சுவர்ப் பலகைக்குள் மழைநீர் கசிந்து ஊறியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். டயரின் தேய்மானத்தை மட்டுமல்லாமல் அதன் வயதையும் பாருங்கள்.

*

பொழுதுபோக்குக்கான கேரவனின் தொடக்கமாக வழக்கமாகச் சொல்லப்படுவது 1885. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், பிரிஸ்டலில் ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை சென்றார். வண்டியோட்டி ஒருவரும், பணியாள் ஒருவரும், ஒரு நாயும், ஒரு கிளியும் உடன் சென்றனர். பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே சென்று வழி பார்த்துச் சொல்வார். 1907இல் அந்நாட்டில் கேரவன் சங்கமே தோன்றிவிட்டது. ஆனால் அதற்கு வெகு முன்பிருந்தே ரோமானி நாடோடிக் குடும்பங்கள் அதே சாலைகளில் வண்டிகளில் வாழ்ந்துகொண்டிருந்தன. கனவானின் வண்டி பெருமையாகவும் நாடோடியின் வண்டி இழிவாகவும் பார்க்கப்பட்டன. நம்மூர் நரிக்குறவர்களை நினைத்துக்கொண்டால் இதில் நாம் ஆங்கிலேயரைக் குறை சொல்ல இயலாது.

ஆதிச்சநல்லூர் இவ்விடத்தில்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே அகழ்ந்தார். 1899 முதல் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தார். மீண்டும் 2004இலும் 2021இலும் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. 114 ஏக்கர்ப் பரம்பில் தாழிகளும், இரும்பும், வெண்கலமும், பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. இறந்தவர்களுக்கு மண்ணில் இடம் வகுத்தவர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது. மரச்சக்கரமும் ஆரைக் கூரையும் மண்ணில் நிலைப்பதில்லை. உரலையும் கோழிக் கூட்டையும் அடுத்த ஊருக்குத் தூக்கிச் சென்றவர்கள் அகழ்வோர்க்கு என்ன விட்டுச் சென்றிருப்பார்கள்? உமணர் தங்கிச் சென்றபின் வெறுமையாகிக் கிடக்கும் ஊரைக் குறுந்தொகை ஒன்று பாடுகிறது. உமணக் குடும்பங்கள் நமக்கு எஞ்சியிருப்பது பாட்டில்தான். அதிலும் வேறு யாருடைய காதலுக்கோ கொடைக்கோ உவமையாகவே எஞ்சியிருக்கிறார்கள்.

*

நாங்கள் அந்த வேனை வாங்கவில்லை. சேஸிஸ் மட்டும் காரணமன்று. ஆர்.சி. புத்தகத்தில் அது 12 இருக்கைகள் கொண்ட வண்டி. உள்ளே இருந்தவையோ கட்டில்கள். பதிவிலுள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. நாளை விபத்து ஏதேனும் நேர்ந்தால், பூப்போட்ட திரைச்சீலை குடும்பத்திற்கு உதவாது. குழந்தை அழுதது. தகப்பனார் திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்தார். அவர் மனைவிதான், “நாலு வருஷச் சேமிப்பு ஸார், தப்பிச்சுது” என்றார்.

இரண்டு மாதங்கள் கழித்து, கட்டிலும் அடுப்பும் இல்லாத சிறிய பழைய வேன் ஒன்றை வாங்கினார்கள். மெக்கானிக் அதன் அடியிலும் படுத்து எழுந்து, சரி என்று தலையசைத்தார். பழைய கடன் தீர்ந்ததற்கான 35ஆம் படிவத்தையும், பெயர் மாற்றத்திற்கான 29, 30ஆம் படிவங்களையும் கையொப்பமிட்டு வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். படுக்கைக்கு இரண்டு பாய்கள். சமையலுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று. அதையும் வண்டிக்கு வெளியே இறக்கி வைத்துத்தான் பற்ற வைப்பதாக ஏற்பாடு.

முதலில் எங்கே போகலாம் என்று என்னைக் கேட்டார்கள். கொற்கைக்கு என்றேன். கடல் பின்வாங்கிப் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, இப்போது அங்கே வயல்களும் ஒரு பழைய வன்னி மரமும் இருக்கின்றன, குழந்தைகள் விளையாட இடம் உண்டு என்று சொன்னேன். கிளம்புமுன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் சொன்னேன்.