நேட்டால் கப்பற் பதிவேடுகளும் தமிழர் வமிசாவளி ஆராய்ச்சியும்

ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை ஆராயப் புகுவோர் தமிழ்நாட்டில் வழக்கமாக நாடும் சான்றுகளாகிய கிரயப் பத்திரம், பட்டா, செட்டில்மென்ட் ரெஜிஸ்தர் முதலியன யாவும் நிலத்தோடு பிணைந்தவை. சொத்துள்ள குடும்பங்களுக்கு இவை பல தலைமுறை வரை வழி காட்டும். காணி நிலமும் இன்றிப் பிறர் வயலில் பாடுபட்டவனுக்கோ அவ்வேடுகளில் இடமில்லை. அத்தகையோருள் பல்லாயிரவருக்கு, அவர்கள் சென்னையில் கப்பலேறிய காலத்திலேதான், தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு வரி எழுதி வைக்கப்பட்டது என்பதும், அந்த வரியே இன்று அவர்தம் சந்ததியார்க்கு வமிசாவளியின் முதற்பிரமாணமாக நிற்கின்றது என்பதும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கன. அது தோன்றிய விதத்தையும் அதன் பயன் மாறிய வரலாற்றையும் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி 1834ஆம் ஆண்டு முதல் மொரீஷியஸுக்கு இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். இதனால் எழுந்த முறைகேடுகளைக் கட்டுப்படுத்த 1837ஆம் ஆண்டு முதல் இந்திய சர்க்கார் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றியது. நேட்டால் தோட்டக்காரரின் கோரிக்கையின் பேரில் அந்நாட்டுக்கும் வழி திறக்கப்படவே, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறையை அடைந்தது. இடையில் 1866 முதல் 1874 வரை நின்று போன இக்குடியேற்றம், 1911ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் தடை விதிக்கும் வரை நடைபெற்றது. அதற்குள் 1,52,184 பேர் நேட்டாலில் இறங்கினர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

அவ்வாறு வந்த ஒவ்வொருவருக்கும் கப்பற் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. தொடர் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணோ பெண்ணோ என்பது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் காணும் அம்மைவடு, தழும்பு, மச்சம் போன்ற அடையாளங்கள் என்று பத்திகள் வரிசையாகச் செல்கின்றன. ஓடிப்போன கூலியைக் கண்டுபிடிப்பதற்கென்று குறித்த தழும்பு, இன்று கொள்ளுப் பேத்தி ஒருத்திக்குத் தன் முன்னோரின் தேகத்தைப் பற்றிக் கிடைக்கும் ஒரே செய்தியாக இருப்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது.

இப்பத்திகளுள் ஆராய்ச்சியாளனுக்குத் தலையாயது தொடர் எண்ணே. முனிசாமி, ராமசாமி, லட்சுமி என்னும் பெயருடையோர் ஒரே கப்பலில் பலர் இருப்பர். எண்ணோ ஒருவருக்கே உரியது. ஒப்பந்தக் கூலிகளின் நலனைக் கவனிக்க நியமிக்கப்பட்ட பாதுகாவலர் அலுவலகத்தில் விவாகம், மரணம், முறையீடு, தாய்நாடு திரும்புதல் ஆகியவற்றைக் குறித்தபோதெல்லாம் அந்த எண்ணையும் சேர்த்தெழுதினர். ஆதலின் வீட்டிலுள்ள பழைய சான்றிதழில் அந்த எண் அகப்படுமாயின், அதைப் பற்றிக்கொண்டு கப்பலுக்கும், கப்பலிலிருந்து கிராமத்துக்கும் பின்னோக்கிச் செல்லலாம்.

எனினும் எழுதியதை எழுதியவாறே கொள்ளுதல் பிழைக்கு இடமாகும். கூலியின் வாய்மொழியைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவின் செவிக்கு எட்டியதே ஊர்ப் பெயராயிற்று. முதற்கப்பல்களில் சாதிப் பத்தியில் காணும் ‘மலபார்’, ‘ஜெண்டூ’ என்பன சாதிகளல்ல; அக்கால ஆங்கிலேயர் முறையே தமிழரையும் தெலுங்கரையும் சுட்டிய பொதுப் பெயர்கள். வட ஆர்க்காடு ஜில்லா என்றிருப்பின் அவ்வூர் இன்று ஆந்திரத்தில் இருத்தலும் கூடும். ஏனெனில் 1911ஆம் ஆண்டிலேதான் சித்தூர் ஜில்லா தனியாகப் பிரிந்தது. அன்றியும், தந்தை பெயர் மட்டும் வழங்கிய மக்கள் நேட்டாலில் குடும்பப் பெயர் கொள்ள நேர்ந்தபோது, முன்னோர் ஒருவரது பெயரோ பட்டமோ அதுவாக நிலைத்து விட்டமையால், இன்றைய குடும்பப் பெயரைக் கொண்டு கப்பற் பட்டியலில் தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சியாகும்.

சர்க்கார் அலுவலுக்கென எழுந்த இவ்வேடுகள் சரித்திர ஆதாரமாக மதிப்புப் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் பீஜி நாட்டுக் குடியேற்ற அனுமதிச் சீட்டுகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து, 1983ஆம் ஆண்டில் ‘கிர்மித்தியாஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். நேட்டால் கப்பற் பட்டியல்களை ஆதாரமாகக் கொண்ட சுரேந்திர பானாவின் நூல் 1991இல் வந்தது. மொரீஷியஸ் குடியேற்றப் பதிவேடுகளை, புகைப்படங்களுடன், மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாத்து வருகின்றது. பீஜி, கயானா, சுரினாம், டிரினிடாட்-டொபாகோ ஆகிய நாடுகளின் இத்தகைய ஆவணங்களை யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இவ்வளவு நடந்தும், ஏடுகளிலுள்ள ஊர்களைத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அடையாளம் காணும் பணி போதிய அளவு நடைபெறவில்லை என்பதே எமது துணிபு. ஆங்கில எழுத்தில் உருக்குலைந்த ஊர்ப் பெயரை எழும்பூர் ஆவணக் காப்பகத்துப் பழைய தாலுகாப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரியான வடிவில் மீட்பதற்கு, அந்தந்த வட்டாரத்தின் சிற்றூர்களை அறிந்த தமிழரே தகுதியுடையோர். நம் பல்கலைக்கழகங்கள் அப்பட்டியல்களை ஜில்லா, தாலுகா வாரியாகத் தமிழில் பதிப்பித்து வெளியிடுதல் வேண்டும். கடல் கடந்தோர் வழியில் வந்த வாசகர்களும், வீட்டு முதியோர் ஊர்ப் பெயரை உச்சரிக்கும் விதத்தை அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்து, பழைய சான்றிதழ் எதனையும் எறிந்துவிடாமல் காப்பாற்றுவார்களாக.