காளான் படம் வந்த பாதை

கேமராவைத் தரையோடு வைத்து, குடைக்குக் கீழிருந்து வெளிச்சத்தைப் பார்த்தபடி எடுத்த காட்டுக் காளான் படங்கள் மழைக்காலம் வந்தால் எல்லார் போனிலும் வந்து விழுகின்றன. இரண்டு அங்குல நாய்க்குடை அதில் ஆயிரங்கால் மண்டபத் தூண்போல நிமிர்ந்து நிற்கும். இந்தக் கோணம் கேமராவைவிட நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

காளானுக்குப் படம் வேண்டும் என்ற தவிப்பு முதலில் அறிஞர்களுக்குத்தான் வந்தது. பூவையும் இலையையும் தாளிடுக்கில் வைத்து அழுத்தினால் நூறாண்டு கிடக்கும். காளானோ சுருங்கும், நிறம் மங்கும், புழு வைக்கும். அதனால் கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் ஹங்கேரியில் பத்யானி பிரபுவின் ஆதரவில் காளான்களை ஆராய்ந்தபோது, அவற்றை நீர்வண்ணத்தில் தீட்டி வைத்தார்கள். 1601-ல் ஆன்ட்வெர்ப் நகரின் பிளான்டின் அச்சகத்தில் நூல் உருவான சமயம் பார்த்து அந்த ஓவியங்கள் தொலைந்தன. மரக்கட்டையில் செதுக்கிய படங்களை வைத்து ஒப்பேற்றினார்கள். எழுபதாண்டு கழித்து ஓவியங்கள் அதே ஆன்ட்வெர்ப்பில் வாழ்ந்த பாதிரியார் ஃபிரான்சிஸ்குஸ் வான் ஸ்டெர்பேக் கையில் சிக்கின. சும்மா இருப்பாரா? பலவற்றைப் பார்த்து வரைந்து 1675-ல் தம் காளான் நூலில் சேர்த்துவிட்டார். மூல ஓவியங்கள் இப்போது லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அதே காலத்தில் ஓட்டோ மார்செயுஸ் வான் ஸ்க்ரீக் என்ற டச்சு ஓவியர் வேறு வேலை செய்துகொண்டிருந்தார். மேசைமேல் பழத்தட்டை வைத்து எல்லாரும் வரைந்துகொண்டிருக்க, இவர் காட்டுத் தரைக்குக் குனிந்தார். இருட்டில் ஒரு காளான், பக்கத்தில் தேரை, பாம்பு, மேலே ஒரு வண்ணத்துப்பூச்சி. பாம்பும் ஓணானும் தேடித் திரிந்ததால் ரோமில் ஓவிய நண்பர்கள் இவருக்கு ‘மோப்பக்காரர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சில ஓவியங்களில் நிஜ வண்ணத்துப்பூச்சியின் சிறகையே ஈர வண்ணத்தில் அழுத்தி ஒட்டியிருக்கிறார். இன்றைய காளான் கலைப்படத்தின் இருண்ட பின்னணி, ஓரத்து வெளிச்சம், தாழ்ந்த பார்வை மூன்றும் அவரிடம் அப்போதே உண்டு. அவரை இந்தக் கலையின் பாட்டனார் என்றே நான் சொல்வேன்.

புகைப்படம் வந்ததும் எல்லாம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, கறுப்பு வெள்ளையில் சிவப்புக் காளான் வெறும் சாம்பல் குடை. 1907-ல் லூமியே சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்ணத் தகடு, சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களால் ஆனது. அதில் படமெடுக்க நெடுநேரம் பிடிக்கும். ஆனால் காளான் பறந்தா போகிறது?

அதன் பிறகு கதை இசைக்காரர்கள் கைக்குப் போகிறது. 1935-ல் வெளிவந்த கோடாக்ரோம் வண்ண ஃபிலிமைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மான்ஸ், லியோபோல்ட் கோடவ்ஸ்கி இருவரும் இசைக்கலைஞர்கள். அந்த ஃபிலிமை வைத்து அமெரிக்காவின் போர்ட்லாந்தில் வில்லியம் குரூபர் என்பவர் ஒரு பொம்மை செய்தார். அவர் பியானோ சரிசெய்பவர். இரண்டு கேமராக்களைச் சேர்த்துக் கட்டி முப்பரிமாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவரை 1938-ல் ஓரிகன் குகைகள் அருகே ஓர் அஞ்சலட்டை வியாபாரி தற்செயலாகப் பார்த்தார்; இருவரும் கைகோத்தார்கள். கண்ணில் வைத்து ‘டக் டக்’கென்று அழுத்தி நாம் பார்த்த வியூமாஸ்டர் பிறந்தது இப்படித்தான். குரூபருக்குக் காளான் பைத்தியம் வேறு. காளானியல் பேராசிரியர் அலெக்சாண்டர் ஸ்மித் நூல் எழுத, குரூபர் படமெடுக்க, 1949-ல் 33 வியூமாஸ்டர் வட்டுகளோடு ஒரு நூல் வந்தது. வட்டுக்கு ஏழு காட்சி வீதம் 231 காளான் காட்சிகள், அவை முளைத்த இடத்திலேயே, முப்பரிமாணத்தில்! குழந்தைகளின் விளையாட்டுப் பொருளில் இத்தனை அழகு இருந்ததை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

அதே ஸ்மித், 1972-ல் இசையமைப்பாளர் ஜான் கேஜோடு சேர்ந்து இன்னொரு காளான் நூல் கொண்டுவந்தார். இந்தக் கேஜ் 1959-ல் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடி வினாவில் காளான் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஐம்பது லட்சம் லிரா வென்றவர்.

1981-ல் பிரிட்டனில் ரோஜர் ஃபிலிப்ஸ், காளான்களை மொட்டு முதல் முதிர்ந்தது வரை பறித்து வெற்றுப் பின்னணியில் அடுக்கி எடுத்த படங்களோடு ஒரு கையேடு போட்டார். அடையாளம் காண அதுபோல் உதவியவை குறைவு. காடு மட்டும் படத்தில் இல்லை.

காட்டை மீட்டுத் தந்தது டிஜிட்டல் கேமரா. மிக நெருங்கி எடுத்தால் குடையின் விளிம்பு தெளியும், காம்பு மங்கும். ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கினால் முழுக் காளானும் துல்லியமாகிவிடும். இந்த வித்தையில் தேர்ந்த ஆஸ்திரேலியர் ஸ்டீபன் ஆக்ஸ்ஃபோர்டின் படங்கள் உலகெங்கும் சுற்றின. மேகாலயாவில் பட்ட மூங்கிலில் இரவில் ஒளிரும் காளான் ஒன்றை அறிவியலுக்குப் புதிய இனம் என்று 2020-ல் அறிவித்த குழுவிலும் அவர் இருந்தார். உள்ளூர் மக்களுக்கு அது புதிதல்ல; அந்த மூங்கிலையே இருட்டில் விளக்காகப் பிடித்து நடந்தவர்கள் அவர்கள்.

நீங்களும் எடுங்கள். ஆனால் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு நகராதீர்கள். குடையின் அடிப்பக்கத்தையும் காம்பு மண்ணைத் தொடும் இடத்தையும் சேர்த்து எடுத்தால்தான் அது என்ன காளான் என்று யாராலும் சொல்ல முடியும். படத்தை மட்டும் நம்பி எதையும் சமைத்துவிடாதீர்கள்.