செல்ப் எடுக்காத பழைய காரா? மோட்டாரைக் கழற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

வாழைக்குலையும் மரச்சீனியும் ஏற்றி விடியற்காலையில் களியக்காவிளை சந்தைக்குக் கிளம்பும்போதுதான் பழைய வண்டி சண்டித்தனம் செய்யும். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து போய்ச் சேர்வதற்குள் நல்ல விலை போய்விடும். மறுநாள் பட்டறையில் “செல்ப் போச்சு, புதுசு போடணும்” என்று சொல்லிவிட்டால், குலை விற்ற காசும் அங்கேயே போய்விடும்.

ஆனால் செல்ப் எடுக்காத வண்டிகளில் பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும். கோளாறு பேட்டரியிலோ, கேபிள் முனையிலோ, பாடி எர்த்திலோ இருக்கும். அம்பாசடர், மாருதி 800 இரண்டும் 2014-லேயே உற்பத்தி நின்ற வண்டிகள். ஆம்னி 2019-ல் நின்றது. நம் விளைகளில் ஓடும் பழைய ஜீப்புகளின் வயதைச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு, குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரம் விடாத இடத்தில் செம்பும் ஈயமும் பச்சை, வெள்ளையாகப் பூத்துப்போவது வழக்கம்தான்.

முதலில் ஹெட்லைட்டைப் பாருங்கள்

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். வெளிச்சம் சுவரில் விழுமாறு ஹெட்லைட்டை எரியவிட்டு, சாவியைத் திருப்புங்கள்.

வெளிச்சம் மங்கி, ‘டக் டக் டக்’ என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது முனை பிடிக்கவில்லை. விளக்கு முழுவதுமாக அணைந்தால் பேட்டரி முனையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் சொலினாய்டின் உள் காண்டாக்டோ, மோட்டாரின் கார்பனோ தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லை, வெளிச்சமும் குறையவில்லை என்றால் சாவியில் இருந்து வரும் கரண்ட் சொலினாய்டுக்குப் போகவில்லை. இக்னிஷன் சுவிட்ச், ஒயர், கனெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் அடுக்கிய ஷெட்டில் வண்டி நின்றிருந்தால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றியும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் விஷயம் வேறு. பெண்டிக்ஸ் பல் பிளைவீல் ரிங்கைப் பிடிக்கவில்லை, அல்லது அதன் கிளட்ச் வழுக்குகிறது.

பேட்டரி, முனை, எர்த்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் வேறு எதையும் சோதிக்க வேண்டாம். செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், நல்ல சார்ஜிலும் அப்படியே இறங்கினால், பேட்டரி ஆயுள் முடிந்தது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரில், அதாவது பட்டறையில் ‘டைனமோ’ என்று சொல்வார்களே, அதில். புது செல்ப் போட்டாலும் அடுத்த வாரம் அதே கதைதான்.

முனைகளைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை. பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவலாம். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா நீர் உள்ளே போனால் ஆசிட் கெடும். பிறகு உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கையால் திருகினால் முனை அசையவே கூடாது.

எர்த்தை யாரும் கவனிப்பதில்லை. பேட்டரி மைனஸில் இருந்து பாடிக்கு ஒரு கேபிள், பாடியில் இருந்து எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ இன்னொரு பட்டை போகும். மழையில் துரு ஏறுவது அங்கேதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி மைனஸில் இருந்து நேராக எஞ்சின் இரும்பில் கொடுப்பது. உடனே செல்ப் துடிப்பாக அடித்தால் உங்கள் எர்த்தான் கோளாறு. பழைய பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, தேவைப்பட்டால் புதிது போடுங்கள். சின்ன பெட்ரோல் காரிலேயே செல்ப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டீசலில் இன்னும் பல மடங்கு. அவ்வளவு கரண்ட் போகும் பாதையில் துளி துரு இருந்தாலும் வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் பம்புசெட் மோட்டார் உறுமிக்கொண்டு சூடாகுமே, அதுபோலத்தான்.

பிளஸ் கேபிளுக்கு: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ் குமிழிலும், மறுமுனையைச் சொலினாய்டில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ அதன் முனையோ கெட்டிருக்கிறது.

இதற்கும் பிறகுதான் மோட்டார்

சொலினாய்டில் இரண்டு தடித்த போல்ட்டும் ஒரு மெல்லிய ஒயரும் இருக்கும். சாவியைத் திருப்பும்போது மெல்லிய ஒயரில் டெஸ்ட் லைட் எரியவில்லை என்றால் கோளாறு சாவிப் பக்கம். லைட் எரிந்தும் ‘டக்’ இல்லை என்றால் சொலினாய்டு. ‘டக்’ கேட்டும், மோட்டாருக்குள் போகும் போல்ட்டில் வோல்ட் வரவில்லை என்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. அங்கே 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்றலாம். ஸ்பேனர் கொண்டு மோட்டார் உடம்பில் மெதுவாகத் தட்டியதும் ஓடினால் கார்பன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வீடு வந்து சேரலாம், ஆனால் அதை நம்பி ஒரு மாதம் ஓட்ட வேண்டாம். ஓங்கி அடிக்கவும் வேண்டாம், காந்தம் வைத்த மோட்டாராக இருந்தால் உடைந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்குருடிரைவரை வைத்துச் சொலினாய்டு போல்ட்டுகளை இணைத்து அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வண்டி கியரில் இருந்து எஞ்சின் பிடித்துவிட்டால், முன்னால் குனிந்திருப்பவர் மேல்தான் ஏறும். பேட்டரிக்கு அருகில் பொறி விழுந்தால் அதில் இருந்து வரும் வாயு வெடிக்கவும் கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கழற்றிய மோட்டாரில் கார்பன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் செட்டாக மாற்றுங்கள். கம்யூட்டேட்டர் கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுத்தம் செய்தாலே போதும். எமரித் துணி வேண்டாம். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உள்ளே உரசி, எஞ்சின் சூடான பிறகு செல்ப் மந்தமாகும். கார்பன், புஷ், சொலினாய்டு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் முழு மோட்டாரின் விலையில் ஒரு பங்கிலேயே வேலை முடியும். மாற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆர்மேச்சரே கருகியிருந்தால்தான் புது மோட்டார் பற்றி யோசிக்க வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். செல்ப் நன்றாகச் சுற்றியும் காலையில் மட்டும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். அது செல்ப் கோளாறு இல்லை. அது தெரியாமல் விடாமல் செல்ப் அடித்தால் நல்ல மோட்டாரும் கருகும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

அம்பாசடரும் பழைய ஜீப்பும் வைத்திருப்பவர்களுக்குக் கைப்பிடி ஹேண்டில் ஒரு வசதி. 1912-ல் கெடிலாக் காரில் மின்சார செல்ப் வரும்வரை உலகமே அப்படித்தான் சுற்றியது, கை ஒடிந்தவர்களும் ஏராளம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, மேல்நோக்கி மட்டும் இழுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் ஹேண்டில் கையை விட்டு வழுக்கிப் போகும், விரல் சிக்காது.

சில நேரம் செல்ப் எடுக்காது, வண்டியைக் கியரில் போட்டு ஓரடி தள்ளிவிட்டு அடித்தால் எடுக்கும். அப்படியானால் பிளைவீல் ரிங்கில் ஓரிடத்தில் பல் தேய்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது ஏறக்குறைய அதே இடங்களில்தான் நிற்கும், அங்கேயே பல் தேயும். ரிங்கைப் பார்க்காமல் பெண்டிக்ஸ் மட்டும் புதிதாகப் போட்டால் அதன் பல்லும் சீக்கிரம் போய்விடும்.