குடும்பத்துக்கு ஏற்ற வேதம்: 1807இல் வெளிவந்த இரண்டு புத்தகங்கள்



தோழரின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவில் வாசிப்பின் அரசியல் குறித்துப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நம் சேரிகளில் பல குடும்பங்களுக்கு முதல் எழுத்தறிவு வேதாகமத்தின் வழியாகவே வந்தது. வீட்டில் இருந்த ஒரே புத்தகமும் பெரும்பாலும் அதுதான். இன்றும் கிறித்தவப் புத்தகக் கடைகளில் ‘குடும்பமாக வாசிக்க ஏற்றது’ என்ற சொல் ஒரு தரச்சான்று போலப் பயன்படுகிறது. யாருடைய குடும்பம்? ஏற்றது என்று தீர்மானிக்கிறவர் யார்? எதை வெட்டியபின் ஒரு நூல் ஏற்றதாகிறது? இந்தக் கேள்விகளோடு இங்கிலாந்தின் 1807ஆம் ஆண்டுக்குப் போகலாம்.

அந்த ஆண்டு ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ என்ற தலைப்பில் 20 நாடகங்களின் தொகுப்பு வெளிவந்தது. பதிப்பித்தவர் பெயர் அதில் இல்லை. ஹென்ரியெட்டா பௌட்லர் என்ற பெண்மணியின் வேலை அது. 1818இல் அவருடைய சகோதரர் தாமஸ் பௌட்லர் அதை 10 தொகுதிகளாக விரித்துத் தம் பெயரில் வெளியிட்டார். மாலையில் தகப்பன் உரக்க வாசிக்க, மனைவியும் மகள்களும் முகம் சிவக்காமல் கேட்கவேண்டும் என்பதே நோக்கம். கொச்சை வசனங்களும் பக்திக்கு ஒவ்வாத ஆணைச் சொற்களும் நீக்கப்பட்டன. ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில் வரும் டால் டேர்ஷீட் என்ற பாலியல் தொழிலாளி அடியோடு காணாமல் போனாள். நூல்களைச் சுத்தம் செய்வதற்கு ஆங்கிலத்தில் பௌட்லரின் பெயரே வினைச்சொல்லாயிற்று. இந்தக் கதையை இலக்கிய மாணவர்கள் அறிவார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அதே 1807இல் லண்டனில் அச்சான இன்னொரு நூலைப் பற்றி யாரும் சிரிக்க முடியாது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பரிசுத்த வேதாகமப் பகுதிகள் என்று அதன் முகப்பு சொல்கிறது. இன்று அதை ‘அடிமை வேதாகமம்’ என்கிறார்கள். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். இதில் 232 அதிகாரங்களிலிருந்துதான் பகுதிகள் உண்டு. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 90 விழுக்காடும் புதிய ஏற்பாட்டில் பாதியும் நீக்கப்பட்டுவிட்டன.

நீக்கியதைப் பாருங்கள். யோசேப்பை அண்ணன்மார் விற்பதும், அவன் எகிப்தில் அடங்கி உழைத்து உயர்வதும் இருக்கிறது. அதன்பின் கதை சீனாய் மலைக்கும் பத்துக் கட்டளைகளுக்கும் தாவிவிடுகிறது. செங்கல் சூளை இல்லை, பார்வோன் இல்லை, செங்கடல் இல்லை. எகிப்தில் இருந்தவர்கள் சீனாய்க்கு எப்படி வந்தார்கள் என்று அந்தப் புத்தகத்தை மட்டும் வாசித்த ஒருவர் கேட்டால் அதில் பதில் கிடையாது. சங்கீதம் முழுவதும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் முழுவதும் இல்லை. கூலி கொடாமல் அயலானிடம் வேலை வாங்குபவனைச் சபிக்கும் எரேமியாவின் பகுதி இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை என்று கலாத்தியருக்கு எழுதியதும் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சுருக்க வேதாகமங்கள் அக்காலத்தில் சாதாரணம், குழந்தைகளுக்கும் வீட்டு வாசிப்புக்கும் பல வந்தன, இதுவும் அப்படியொரு தொகுப்பே என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. உண்மையில் அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. வில்லன்கள் ஒரு அறையில் கூடிச் சதி செய்திருந்தால் விஷயம் எளிது. ஆனால் இந்நூலை வெளியிட்ட சங்கத்தின் தலைமையில் இருந்தவர் லண்டன் பிஷப் பெயில்பி போர்ட்டியஸ். அடிமை வணிகத்தை எதிர்த்தவர். 1783லேயே அடிமைகளின் நிலைபற்றித் திருச்சபையைக் கண்டித்துப் பிரசங்கித்தவர். எளியவர்களுக்கான மலிவுவிலைப் பக்திப் பிரசுரங்களை ஆதரித்தவர். அந்தப் பிரசுரங்களை 1795 முதல் 1798 வரை நடத்திய ஹன்னா மோர் தம் பள்ளிகளில் ஏழைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார், எழுதக் கற்றுக்கொடுக்க மறுத்தார். இவர்கள் நல்லவர்கள். யாருக்கு எவ்வளவு போதும் என்று அளந்துபோடும் நல்லவர்கள். நம் ஊர்களில் இவர்களை நமக்குத் தெரியும்.

குடும்பம் என்ற சொல்லுக்கு வருவோம். பௌட்லர் காப்பாற்ற நினைத்த குடும்பத்தில் தகப்பன் வாசிப்பான், பிள்ளைகள் கேட்பார்கள். கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்தவருக்குச் சட்டத்தின் கண்ணில் குடும்பமே இல்லை. தாய் ஒரு தோட்டத்துக்கும் பிள்ளை இன்னொரு தோட்டத்துக்கும் விற்கப்படலாம். 1807 மார்ச் 25இல் கையெழுத்தான சட்டம் ஆட்களைக் கடல்கடந்து வாங்கி விற்பதைத்தான் தடைசெய்தது, அடிமை முறையைத் தொடவில்லை. வெளியிலிருந்து வரத்து நின்ற பிறகு, இருக்கும் அடிமைகளை ஒழுக்கமும் பணிவும் உள்ளவர்களாக வளர்க்க வேண்டிய தேவை எழுந்தது. அந்தச் சூழலில்தான் இப்புத்தகம் வருகிறது.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல்கூடத் தேவையில்லை. 1817இல் ஜான் ஸ்மித் என்ற இளம் மிஷனரி டெமெராராவுக்கு, இன்றைய கயானாவுக்கு, வந்து இறங்கினார். ஒரு நீக்ரோவுக்கு வாசிக்கக் கற்றுத்தந்தாலும் நாடுகடத்திவிடுவேன் என்று ஆளுநர் அவரை மிரட்டினார். அவர் கையில் இருந்தது முழு வேதாகமம். ஆதியாகமம் 13ஐ அடிமைகளுக்கு வாசித்தபோது, ஆபிரகாமுக்குக் கானான் தேசம் வாக்களிக்கப்படும் பிற்பகுதியைத் தாண்டிச் சென்றதாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நிலம் என்ற சொல்லை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். 1823 ஆகஸ்டில் அங்கே பல்லாயிரம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் ஸ்மித்தின் சபையில் டீக்கனாக இருந்த குவாமினா. அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்மித்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 1824 பிப்ரவரியில் சிறையிலேயே காசநோயால் இறந்தார். தாண்டி வாசித்தும் தப்பவில்லை.

ஜமைக்காவில் 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கிய எழுச்சியை வழிநடத்திய சாம் ஷார்ப் பாப்டிஸ்ட் டீக்கன், வாசிக்கத் தெரிந்த அடிமை. இரண்டு எஜமான்களுக்கு ஒருவன் ஊழியம் செய்ய முடியாது என்ற மத்தேயு வசனத்தை அவர் எடுத்துக்கொண்டார். அந்த வசனம் பேசுவது தேவனையும் உலகப்பொருளையும் பற்றித்தான். அடிமைத்தனம் பற்றி அதில் நேரடியாக ஒன்றுமில்லை. 1832 மே மாதம் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

இது எங்கோ நடந்த கதை என்று தோன்றலாம். தமிழ்க் கிறித்தவம் எஸ்.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கும் சுவிசேஷ சங்கம், பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் உரிமையாளராக இருந்தது. சங்கத்தின் பெயர் அடிமைகளின் மார்பில் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்ட காலம் உண்டு. அடிமை முறை ஒழிந்தபோது 411 பேருக்கு ஈடாக அச்சங்கம் 8,823 பவுண்டு இழப்பீடு பெற்றது. விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இதே சங்கம்தான் 1820களில் தஞ்சாவூர், திருநெல்வேலிச் சபைகளின் பொறுப்பை ஏற்றது. நம் தாத்தாக்கள் படித்த பள்ளிகளை நடத்தியதும் அதுதான். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைப்போம். இங்கிலாந்துத் திருச்சபை தன் அடிமை உடைமைக்கு மன்னிப்புக் கேட்டது 2006இல்.

தஞ்சாவூரில் அந்தக் காலத்தில் ஒரு சண்டை நடந்தது. வேளாளக் கிறித்தவர்கள் புதிய மிஷனரிகள்மீது அடுக்கிய புகார்களில், பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள் என்பதும் பறையரோடு சேர்ந்து நற்கருணை பெறச் சொல்கிறார்கள் என்பதும் ஒரே கட்டில் இருந்தன. வேதநாயக சாஸ்திரி 1829இல் சாதி ஆசாரத்தை ஆதரித்து நூலே எழுதினார். கலாத்தியர் நிருபம் அவர்களுடைய வேதாகமத்திலும் இருந்தது. யாரும் அதைக் கிழித்தெறியவில்லை, பக்கத்தில் உட்கார மட்டும் மறுத்தார்கள்.

ஆகவே, நம் வீட்டில் இருப்பது முழு வேதாகமம்தானே என்று நிம்மதியடைய வேண்டாம். தேர்வு இப்போது அச்சகத்தில் நடப்பதில்லை. தினசரி தியானக் கையேட்டிலும், வாக்குத்தத்த அட்டையிலும், ஓய்வுநாள் பள்ளிப் பாடத்திலும், சுவரில் தொங்கும் வசனக் காலண்டரிலும் நடக்கிறது. ஆசீர்வாதமும் கீழ்ப்படிதலும் நாள்தோறும் வருகின்றன. ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றவர்களைச் சாடும் ஆமோஸ் குடும்ப ஜெபத்தில் எப்போது வருகிறான்? 1981இல் அரவிந்த் நிர்மல் தொடங்கிவைத்த விவாதம் தலித் இறையியலாக வளர்ந்தபோது, அவர் மையத்தில் வைத்தது உபாகமம் 26இல் அலைந்து திரிந்த முன்னோரைப் பற்றிய அறிக்கை. மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு ஒரே உலையில் சமைத்து உண்பவர்களே குடும்பம் என்று நாட்டுப்புற மெட்டில் பாடவைத்தார். இறையியல் கல்லூரிகளில் இவை பாடமாகிவிட்டன. வீட்டுக் கூடத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை என்பது என் கணிப்பு.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு தியானக் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டின் பகுதிகளை அதிகாரவாரியாக ஒரு நோட்டில் குறியுங்கள். யாத்திராகமம் 1 முதல் 15 வரை எத்தனை நாள், எபேசியர் 6 எத்தனை நாள் என்று எண்ணுங்கள். வீட்டில் உரக்க வாசிப்பவர் யார், எந்த இடத்தில் தாண்டுகிறார் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டுகளைக் கொண்டுவாருங்கள்.