கதவின் பச்சை வண்ணமும் காரீயத்தின் கதையும்



மார்கழி பிறந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதிப்போன கதவுகளெல்லாம் மறுபடி நிலையில் ஒழுங்காகப் பொருந்தும் காலம் இது. பொங்கலுக்கு முன் தாத்தா காலத்து வீட்டின் உள்கதவுகளைச் சுரண்டிப் புது வண்ணம் அடிக்கப்போவதாக உங்களில் இரண்டு மூன்று பேர் சொன்னீர்கள். உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தரங்கம்பாடிக் கதை உங்களுக்குத் தெரியும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்று டேனிஷ்காரர்கள் வந்தார்கள். டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706இல் சீகன்பால்கு வந்தார். 1712இல் அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதமோ பற்றாக்குறை. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அச்செழுத்து வார்க்கும் உலோகத்தில் பெரும்பங்கு ஈயம். அக்கால அச்சு மையைக் குழைத்தது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பியக் கதவு வண்ணமும் இதே இரண்டால் ஆனதுதான்.

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.

நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் தேக்குக் கதவுக்கு எண்ணெய் தடவுவதோடு சரி. ஐரோப்பியர் வழக்கம் வேறு. காரீயத்திலிருந்து செய்த வெள்ளைப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். ஈயம் எண்ணெயோடு சேர்ந்து கெட்டியான, ஆனால் வளைந்துகொடுக்கும் ஒரு தோலாக மாறும். மழையில் மரம் ஊதினாலும் வெயிலில் சுருங்கினாலும் வெடிக்காது. கடற்காற்று அடிக்கும் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? 19ஆம் நூற்றாண்டில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த பளிச்சென்ற மஞ்சள் கடைக்கு வந்தது. அதோடு பிரஷ்ய நீலத்தைக் கலந்தால் பச்சை. பழைய கதவு, சன்னல்களில் நாம் பார்க்கும் கரும்பச்சையில் பலவும் இப்படிப் பிறந்தவையே. டேனிஷ்காரர்கள் 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். வண்ண டப்பாவில் ஈயம் மட்டும் போகவில்லை.

அது நஞ்சு என்று குழந்தைகளை வைத்துக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன். நம் ஊர் போலவே வெயிலும் வராந்தாவுமான ஊர் அது. வராந்தாக் கம்பிகளில் உதிரும் வண்ணம் பிள்ளைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்று 1904இல் எழுதினார். 1921இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைப் பூசக்கூடாது என்று உடன்படிக்கை செய்தது. அமெரிக்கா வீட்டு வண்ணத்தில் ஈயத்தைத் தடுத்தது 1978இல். நம் நாட்டில் 2016இல் விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் வீட்டு வண்ணத்தில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெனீவா உடன்படிக்கைக்கும் இதற்கும் இடையே 95 ஆண்டுகள்! அந்த இடைவெளியில்தான் நம் வீட்டுக் கதவுகளெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணம் ஏற்றுக்கொண்டன.

கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது பெரிய தொந்தரவு செய்வதில்லை. உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் நுண்தூளாகிக் கூடம் முழுக்கப் பரவுகிறது. தவழும் பிள்ளையின் உள்ளங்கையில் ஒட்டுகிறது. ஈயம் வளரும் மூளையைத் தாக்கும். படிப்பும் கவனமும் குறையும். இவ்வளவு போனால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எத்தனையோ பிள்ளைகளை மக்கு என்று திட்டிய உலகம் இது. அவர்கள் வீட்டுக் கதவை யார் பார்த்தோம்?

ஆகவே, பிள்ளைகளா:

பழைய வண்ணம் உறுதியாக இருந்தால் மொத்தமும் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்து மேலே பூசுங்கள். உதிரும் இடத்தை நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். தீ காட்டி உரிக்கவே கூடாது. கீழே பிளாஸ்டிக் விரித்து, வேலை முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அதுவரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். வேலைக்கு வரும் பெயிண்டருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. புது டப்பாவில் ஈய அளவு அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

முக்கியமாக ஒன்று. வண்ணம் அடித்த பழைய கதவுத் துண்டைப் போகி நெருப்பில் போடாதீர்கள். வெந்நீர் அடுப்பிலும் வேண்டாம். எரிந்து போவது மரம் மட்டுமே; ஈயம் புகையிலும் சாம்பலிலும் தங்கிவிடும்.

தமிழ் எழுத்தை இந்த ஊரில் வார்த்துக் கொடுத்த உலோகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அச்சுக்கூடத்தில் இருந்தவரை நமக்குப் புத்தகம் தந்தது. பிள்ளைகள் படுத்துறங்கும் அறைக்கு அது வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள். பொங்கல் வாழ்த்துகள், முன்கூட்டியே.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்